அப்பா பிறந்த ஐப்பசி

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிரசவம் நெருங்கினால் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் பிறந்தபோதும் அப்படித்தான். நாற்பத்தொரு நாள் கழிந்த பிறகுதான் என் முகத்தையே பார்த்தாராம். அப்போதும் தூக்கவில்லை. நானாகத் தத்தித் தத்தி நடந்து போய் அவர் வேட்டியைப் பிடித்த பிறகுதான் தொட்டார் என்று அம்மா சொல்லுவாள். என் மகள் பிறந்தபோது பத்மநாபபுரத்தில் மாமா வீட்டில் போய் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த மகளுக்கு ஒன்பதாம் மாதம்.

"ஒனக்க மாமனுக்கு ஒடம்பு சொகமில்லியாம். ஒரு நட போயிட்டு வாறேன்" என்று அப்பா தொடங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலையில்தான் மாமா போனில் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசியிருந்தார்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. அப்பா பிறந்த மாதமே அவருடைய அப்பா காய்ச்சலில் போய்விட்டார், அடுத்த மாதம் அம்மாவும். பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். சோறு போட்ட கையோடு பெரியம்மா, "பிறந்ததும் அப்பன முழுங்கினவன்" என்று சொல்லுவாளாம். சின்னப் பிள்ளையின் மனசில் விழுந்த சொல், அங்கேயே கிடந்துவிட்டது. பின்னால் படித்து, கணக்கு வாத்தியாராகி, பள்ளிச் சான்றிதழில் இருந்த தன் பிறந்த தேதியையும் தாத்தாவின் கல்லறைக் கல்லில் அந்தக் காலத்து மலையாளக் கணக்கில் வெட்டியிருந்த கொல்லம் ஆண்டையும் மாதத்தையும் ஒத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒரே ஐப்பசி. பெரியம்மா சொன்னது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டார். பச்சைக் குழந்தை இருக்கிற இடத்தில் தான் இருந்தால் அந்த வீட்டில் யாருக்காவது ஆகாது என்பது அவர் பயம். ஊருக்கெல்லாம் ஜாதகம் பார்க்காதே, படி என்று சொல்லுகிற மனிதர்தான்.

அவர் மனசோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. கணக்கு வாத்தியாரோடு தேதியை வைத்துத்தான் வாதாட வேண்டும். பிறந்ததற்கும் இறந்ததற்கும் நடுவில் பத்து நாள் இருந்தால்கூடப் போதும், "பிறந்ததும்" என்ற சொல்லை உடைத்துவிடலாம் என்று நினைத்தேன். "ஒரு வாரம் பொறுங்கப்பா, அதுக்குப் பெறவு எங்க வேணும்னாலும் போங்க" என்று சொல்லிவிட்டு, பழைய பிறப்பு இறப்பு ஏடுகள் இருக்கிற அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன்.

எங்கள் மாவட்டம் மலையாள நாட்டிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய ஏடுகள் எல்லாம் மலையாள எழுத்தில் இருக்கின்றன. எனக்கு அந்த எழுத்தில் பஸ் போர்டு மட்டும்தான் வாசிக்க வரும். நல்லவேளையாக, அலுவலகத்தில் மலையாளம் படித்த விளவங்கோடு பக்கத்துக்காரி ஒருத்தி வேலை பார்த்தாள். என்னைவிட இளையவள். விரலை ஓட்டி ஓட்டி, பாட்டுப் படிப்பதுபோல வாசித்தாள். தாத்தாவின் இறப்பு உடனே கிடைத்தது. காய்ச்சல் என்று எழுதியிருந்தது. அதே வருஷத்துப் பிறப்பு ஏட்டில் அப்பா இல்லை. ஐப்பசி முழுக்கப் பார்த்தாள், புரட்டாசி பார்த்தாள், கார்த்திகையும் பார்த்தாள். அடுத்த நாளும் போனேன். பக்கத்து ஊர்களின் ஏட்டையும் எடுத்துப் பார்த்தாயிற்று. அப்பா பிறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அவள் அப்பாவின் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்தாள்.

"அக்கா, ஐப்பசிதானே? அப்பம் ஒரு வருஷம் முன்ன உள்ள ஏட்ட நோக்கணும். கொல்லம் வருஷம் பிறக்கது ஆவணியிலயாக்கும். அத இங்கிலீஷ் வருஷம் ஆக்க, ஆவணி தொட்டு மார்கழி பாதி வர எண்ணூத்தி இருவத்திநாலு கூட்டணும். பெறவுதான் இருவத்தஞ்சு. பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் இருவத்தஞ்ச கூட்டிப் போட்டிருவாவ. இஞ்ச வாற பழைய ஆளுவளுக்குப் பாதிப் பேருக்கும் இந்தத் தெற்று உண்டு."

முந்தைய வருஷத்து ஏட்டை எடுத்தாள். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தார் அப்பா. ஆண் குழந்தை. தாத்தாவின் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் தகவல் சொன்னவர் யார் என்று எழுதும் இடம். "பிள்ளைக்க தகப்பன்னு எழுதியிருக்கு, அக்கா" என்றாள். அதை ஒட்டிக் கையெழுத்து. பக்கம் முழுக்க மலையாளம், கையெழுத்து மட்டும் தமிழில். யாரும் வாசித்துச் சொல்லாமல் நானே வாசித்தேன். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தாத்தாவே நடந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த அறையில் போட்டோ எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தது. "நான் கொஞ்சம் ஜன்னல நோக்குதேன்" என்றாள் அவள். அவள் நல்லா இருக்கட்டும்.

அப்பா வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முதலில் கணக்கைச் சொன்னேன். நம்பவில்லை. தாளும் பேனாவும் எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டார். எத்தனையோ பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியவர், சான்றிதழில் எவனோ போட்ட ஒரு கூட்டலை ஆயுசுக்கும் சரிபார்க்கவில்லை.

"நீங்க ஒரு வருஷம் மூப்புப்பா. அரசாங்கத்த ஏமாத்தி ஒரு வருஷம் கூடுதலா வேல பாத்திருக்கீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தன் அப்பாவின் எழுத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதுக்குப் பெறவு எத்தன நாள் இருந்தாரு?"

"ஒரு வருஷமும் ஒம்பது நாளும். ஒங்க மொதப் பிறந்தநாளையும் பாத்துட்டுத்தான் போயிருக்காரு."

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் என்னத் தூக்கியிருப்பாரு, இல்லியா?"

"ஒரு வருஷம் தூக்காமலா இருந்திருப்பாரு?" என்றேன். எண்பது தாண்டிய மனிதர் ஒருவர் ஒரு வயதுப் பிள்ளையின் முகத்தோடு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது, உள்ளே போய் அழுதேன்.

அப்பா பத்மநாபபுரம் போகவில்லை. போகவேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, போகவில்லை என்று அவரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து "ஆரு வாங்குதீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். அடியில் என் கையையும் கொடுத்தேன். குழந்தை அவர் கையில் சரியாக அமர்ந்ததும் என் கையை எடுத்துக்கொண்டேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் இம்புட்டுதான் இருந்திருப்ப, இல்லியா மக்கா?"

"எனக்கு எப்டிப்பா தெரியும்?"

"எனக்குல்லா தெரிஞ்சிருக்கணும்" என்றார். "எனக்குக் கெடச்சத நான் ஒனக்குத் தரல்லியே."

ஐம்பது வருஷமாக அவரிடம் சொல்ல நான் எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அங்கேயே விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். குழந்தையை அசைக்காமல், அவரும் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தார்.