கீழே ஓடிய கோடு

அந்தக் கோட்டை ஓடவிட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டாக்டர் மேலேயோ, விதி மேலேயோ பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பேன்.

கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். மாடியில் பன்னிரண்டு படுக்கைகள், கீழே ஹால், ஹாலின் மூலையில் நான். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நெமிலிச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனேன். வயது இருபத்திரண்டு. வாய் நீளம், தலைக்கனமும் உண்டு. செருப்பைக் கழற்றாமல் யாராவது கவுன்டரை நெருங்கினால் போதும், கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று ஒரு அதட்டல் போடுவேன். அது பொய் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வட்டாரத்திலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவர் தான்தான் என்று எங்கள் டாக்டருக்கு ஒரே பெருமை. வாங்கியது ஊருக்குத் தெரிய வேண்டாமா? மானிட்டரை ஹாலில் இருப்பவர்களும் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். நான் கோழி மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு டைப் அடிப்பேன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை அப்படியே உறைந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "மூடின கடை மாதிரி இருக்கும்மா. ஏதாவது ஓடற மாதிரி வை" என்றார். அப்படித்தான் ஸ்கிரீன் சேவர் வைப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி ஆயிற்று.

முதலில் நட்சத்திரங்கள் பறந்து வருவதை வைத்தேன். பிரஷருக்கு வந்த ஒரு பெரியவர் தலை சுற்றுகிறது என்றார். எழுத்து ஓடுவதில் "வெல்கம்" என்று அடித்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில யாராவது வாங்க வாங்கன்னு சொல்வாங்களா?" அவர் சொன்னதும் நியாயம்தான், இங்கே போய்ட்டு வரேன் என்றுகூட யாரும் சொல்வதில்லை. அடுத்து, குழாய் குழாயாக வளைந்து திரையை நிரப்பும் படம். அதை வாயைப் பிளந்து பார்த்த ஒருவர், "இது யாரு கொடலும்மா?" என்று கேட்டார். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

கடைசியில் கோடுகள். கலர் கலராக வந்தபோது திருவிழா சீரியல் லைட் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறைத்தேன். இரண்டு வடிவங்களில் ஒன்றை நீக்கினேன், கோடுகளின் எண்ணிக்கையை ஒன்றாக்கினேன், நிறத்தைப் பச்சையாக்கினேன். கறுப்புத் திரையில் ஒற்றைப் பச்சைக் கோடு, ஏறி இறங்கி, ஒடிந்து நிமிர்ந்து ஓடியது. டாக்டர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இதான் ஆஸ்பத்திரிக்கு அடக்கமா இருக்கு" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வாரம்தான் அந்த அம்மா வந்தார். ஏரிப் பக்கத்துத் தெருக்களில் இஸ்திரி வண்டி தள்ளுகிறவர்கள், புருஷன் பெண்டாட்டி இருவரும். புருஷனுக்கு நெஞ்சு வலி வந்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மாவை முதல் நாள் மேலே விடவில்லை. கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகளோடு, என் கவுன்டருக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரம் டாக்டர் இறங்கி வந்து, என் கவுன்டரில் கையை ஊன்றி நின்றுகொண்டு அவரிடம் சொன்னார்: "மானிட்டர்ல கோடு நல்லா ஓடுது. அது ஓடற வரைக்கும் பயமில்லம்மா." டாக்டரின் முதுகுக்குப் பின்னால் என் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கோடு ஓடினால் உயிர், நேராக நின்றால் போச்சு என்பது சினிமா பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா டாக்டரைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. நான் வேலை செய்ய மவுஸைத் தொட்டால் கோடு மறைந்துவிடும். உடனே எழுந்து கவுன்டருக்கு வந்துவிடுவார். "இன்னா கண்ணு, அத்த ஏன் தொடுறே? சொம்மா உடு."

"ஏம்மா, இது என்ன உங்க வீட்டு டி.வி.யா? எனக்கு வேலை இருக்கு."

"சரி சரி, சீக்கிரம் முடி தாயி."

டி.வி.யா என்று கேட்ட என் வாயை இப்போது நினைத்தாலும் கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே போய் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். டீ குடிக்கிற நேரம் என் கை சும்மா இருக்கும் என்பதற்காக என்று எனக்கு எப்படித் தெரியும்? பாவம், கவலையில் இருக்கிறவருக்கு அந்தப் படம் ஒரு ஆறுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனம் இளகி, ஒரு நல்ல காரியம் வேறு செய்தேன். ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் கோடு வரும்படி வைத்திருந்ததை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். "இனிமே சீக்கிரம் வந்துடும்மா" என்றேன். என் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் விரல்களை மடக்கிச் சொடுக்கினார்.

இரண்டாம் நாளிலிருந்து மாலை நான்கு மணிக்கு, ஒரு நேரத்தில் ஒருவர் மேலே போய்ப் பார்க்கலாம். கொழுந்தன் வந்து, "அண்ணி, நீ போய்ப் பாரு" என்றார். "நீ போய்ட்டு வா நைனா. நான் இங்கியே பாத்துகினு கீறேன்" என்றார் அந்த அம்மா. பையையும் தூக்குவாளியையும் பார்த்துக்கொள்ளத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் அதே பதில். சிஸ்டர் படியில் நின்று கூப்பிட்டும் போகவில்லை. பெண்டாட்டிக்கு இவ்வளவு பயமா, இல்லை மனசே இல்லையா என்று நானும் டோக்கன் கொடுக்கிற பெண்ணும் கிசுகிசுத்துக்கொண்டோம். எப்படி இருந்த நாக்கு பாருங்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் லேப் ரிப்போர்ட்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சிஸ்டர் மாடியிலிருந்து மெதுவாக இறங்கிவந்து அந்த அம்மாவின் முன்னால் குனிந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச திடப்படுத்திக்கோங்கம்மா. அவரு போயிட்டாரு."

அந்த அம்மா அழவில்லை. சின்னப் பிள்ளை ஏதோ உளறியதைக் கேட்டதுபோல லேசாகச் சிரித்தார். "சொம்மா சொல்லாத சிஸ்டர். தோ பாரு, நல்லாத்தானே ஓடுது." தழும்பேறிய விரல் என் திரையைக் காட்டியது.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீ, தொடாதே, இங்கியே பாத்துகினு கீறேன், எல்லாம் ஒரே நொடியில் வந்து மண்டையில் விழுந்தன. மவுஸைத் தொட்டால் அந்த மனிதரை நானே கொன்ற மாதிரி ஆகிவிடும், தொடாவிட்டால் இந்த அம்மா இங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"அம்மா, இது அவரோடது இல்லம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"மேலேர்ந்து ஒயரு வர்ல?"

"வரலம்மா. இது நான் வெச்ச படம். அழகுக்கு ஓடறது."

"பொய் சொல்றே. நிறுத்திக் காட்டு."

மவுஸை அசைத்தேன். கோடு மறைந்து, முந்தைய நாள் அட்மிஷன் பட்டியல் வந்தது. அந்த அம்மா எழுந்து வந்து கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஆனது. நான் வைத்த அந்த ஒரே நிமிடம். யாரும் தொடாமலே பச்சைக் கோடு மறுபடி வந்து, ஏறி இறங்கி ஓட ஆரம்பித்தது.

பெஞ்சில் இருந்த யாரோ, "கடவுளே" என்றார்கள். பின்னால் கையைவிட்டு மானிட்டரின் ஒயரையே பிடுங்கினேன்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் இருண்ட கண்ணாடியைப் பார்த்தபடி, "அப்ப மூணு நாளா நான் யாரப் பாத்துகினு இருந்தேன்?" என்று கேட்டார். சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அவுரு என்னக் கேட்டாரா?"

சிஸ்டருக்குப் பொய் வராது. "தினமும் கேட்டாரும்மா. கீழதான் இருக்காங்கன்னு சொன்னேன். 'கீழதான் கீறாளா, ஏறி வந்தா இன்னா'ன்னாரு" என்றார்.