பெறாமகள் அல்ல, மருமகள்

பீலெஃபெல்டில் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டபோது, என் மகள் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள்: ஒரு ஜெர்மன் சொல்கூட வாயில் வரக்கூடாது. போன ஆண்டு நன்றியுரையில், சந்திப்பு நேரம் என்பதற்கு 'டெர்மின்' என்று சொல்லிவிட்டாள். உடனே சங்கச் செயலாளர் ஒலிவாங்கியை வாங்கி, "பிள்ளையின்ர தமிழுக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிட்டுது" என்றார். சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் படிப்பது இடைக்கால வரலாறு. பேசப் போனது ஓர் ஆங்கிலேய அரசரின் அணுக்கரைப் பற்றி. 'அணுக்கர்' நான் கொடுத்த சொல்.

"இஞ்சருங்கோ, அது கல்வெட்டிலை இருக்கிற தமிழ். செல்லம் எண்டு சொல்லட்டும்" என்றாள் மனைவி.

மேடையில் "அரசருடைய செல்லம்" என்றதும் சபை நிமிர்ந்தது. பிரபுக்கள் அவரை நாடு கடத்தினார்கள் என்றதும் இன்னும் நிமிர்ந்தது. நாடு கடத்தலுக்கு, அகதிகளாக வந்த எங்களிடம் விளக்கம் தேவையில்லை.

"விசா முடிஞ்சுதோ?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"இல்லை அங்கிள். பிரபுக்களுக்குப் பொறாமை."

அரசர் அவரைச் சகோதரன் என்றே அழைத்தார், தன் பெறாமகளையும் கட்டிக்கொடுத்தார் என்று தொடர்ந்தாள். அங்கேதான் பிழை வந்தது. அண்ணனின் மகளுக்கும் அக்காவின் மகளுக்கும் ஜெர்மனில் ஒரே சொல். தமிழில் அப்படித் தப்ப முடியாது: ஓர் ஆணுக்கு அண்ணனின் மகள் பெறாமகள், அக்காவின் மகள் மருமகள்.

"தமையன்ர மகளோ, தமக்கையின்ர மகளோ?" என்றார் முன்வரிசை அக்கா ஒருவர்.

"தமக்கையின்ர."

"அப்ப மருமகளெல்லோ! சகோதரன் எண்டால் அவனுக்கும் மருமகள்தானே? சீ, மருமகளைக் கட்டினவனோ?"

பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்த மதுரைக்காரர் எழுந்தார். "இதுல என்னங்க தப்பு? தாய்மாமன்தானே. எங்க சைடுல ரொம்ப நார்மல்."

சபை இரண்டாகப் பிரிந்தது. ரோல்ஸ் பரிமாறிய பெண்களும் தட்டோடு நின்று ஒரு பக்கம் சேர்ந்தார்கள். செயலாளர் மேசையைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஜெர்மன் சொல் மகளின் உதடு வரை வந்து திரும்பியதை நான் பார்த்தேன்.

"அக்கா, கேளுங்கோ!" என்றாள். "மருமகளோ ஆரோ, அவவுக்குப் பிள்ளை பிறந்தது."

சத்தம் அடங்கியது. திரும்பி வந்தால் உயிர் தங்காது என்று தெரிந்தும், பிள்ளையைப் பார்க்க அந்தச் செல்லம் அந்தக் குளிர்காலத்தில் வந்தார் என்றாள். மனைவிக்குப் பெண் குழந்தை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய், விருந்தும் வைத்தார்களாம்.

"முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவு செய்தவையோ?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"அவையளுக்கு நாற்பதாம் நாள் மாதிரி, அக்கா."

"பிறகு?"

"பிரபுக்கள் அவரைப் பிடிச்சு வெட்டிப்போட்டினம். பிள்ளைக்கு அப்ப அஞ்சு மாதம்."

முதலில் வாய் திறந்தவர் செயலாளர்.

"உண்ட் டி ஃப்ராவ்?"

மனைவியின் கதி என்ன என்று தான் ஜெர்மனில் கேட்டது அவருக்கே தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. அவரைப் பார்த்தாள். பிறகு நல்ல தமிழில் பதில் சொன்னாள்.

"அரசரே பொறுப்பெடுத்தவர், அங்கிள். மறுமணமும் செய்துவைச்சவர்."

"ஆருக்கு?" என்றார் முன்வரிசை அக்கா. "இன்னொரு செல்லத்துக்கோ?"

"ஓம், அக்கா."