அல்பேட் அத்தானின் மூன்றாவது எஞ்சின்

கோடையில் மொன்றியலுக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் கிழட்டுக் கார்களைச் சோடி சோடியாக நிறுத்தி ஓட விடுவார்கள். நேரே ஒரு ஓட்டம், அவ்வளவுதான். பரிசு கிடையாது. ஒருத்தி கொடியை வீசுவாள், காதைப் பிளக்கும் சத்தம் வரும், நாங்கள் கண்ணைக் கசக்குவதற்குள் முடிந்துவிடும். இதற்காக விடியவே எழும்பிப் போகிறவர்களை நான் பைத்தியம் பிடித்த விசர்க்கூட்டம் என்றுதான் சொல்வேன். அந்த விசர்க்கூட்டத்தில் என் அக்கா அக்னெஸின் புருசன், எங்கள் அல்பேட் அத்தானும் ஒருவர்.

அத்தான் மன்னார் ஆள். பெட்றோல் இல்லாத யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டியவர். இங்கே வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்தும் கராஜில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். கூட வேலை செய்த மார்செல் என்ற கெபெக் மாகாணத்துக்காரர்தான் இந்தக் கார் வருத்தத்தைக் காய்ச்சல் மாதிரித் தொற்ற வைத்தது. மார்செலின் மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஐம்பதுகளின் கார் ஒன்றை அத்தான் பியர்பொன்ட்ஸில் இருக்கும் தன் வீட்டுக்கு இழுத்து வந்தார். அதற்குப் பிளாட்ஹெட் எஞ்சின்தான் பூட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மேல்மூடி சப்பையாக இருக்கிற பழங்கால எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. சூட்டுப் புகை எஞ்சினின் இரும்புக்குள்ளாலேயே சுற்றி வெளியே போவதால் சட்டென்று கொதிக்கும். மிஞ்சிக் கொதித்தால் இரும்பு வெடித்துக் கீறல் விழும். வெடித்ததைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம்.

முதல் எஞ்சின் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. அந்த வருசமே வேலையிலிருந்தும் ஓய்வு வந்தது. அதோடு மனிசன் முன் யன்னலடியில் இருந்த பழைய சாய்மனைக் கதிரையில் போய் விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார். கேட்டால் ஓம் என்பார், இல்லை என்பார். எந்த நேரமும் பகிடி விட்டு என்னைச் சீண்டுகிற அத்தான், நான் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு போனபோது கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காரில் திரும்பி வரும் வழியில் அழுகையும் வந்தது.

பிறகு ஒரு வசந்தத்தில் மார்செல் எங்கேயோ தேடி மூன்றாவது எஞ்சின் ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினார். அத்தான் கதிரையை விட்டு எழும்பினார். எழும்பினவர் அடுத்த நாளே என்னைப் பார்த்து, "நிரஞ்சனி, உன்ர வாய்க்கும் ஒரு சைலன்சர் பூட்டவேணும்" என்றார். அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அக்கா அந்தக் காரைச் சக்களத்தி மாதிரித்தான் பார்த்தாள். வீடெல்லாம் எண்ணெய் மணம் என்று ஒரே புறுபுறுப்பு. அவள் வாயை அடைக்க, அத்தான் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்னார்: "இதுவும் வெடிச்சுதெண்டா காரை வித்துப்போடுவன். மாதா மேல சத்தியம்."

அத்தான் சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஓட்ட நாள் வந்தது. ஒருநாளும் வராத அக்கா தானும் வருவேன் என்று வெள்ளனவே உடுத்து நின்றாள். நான் ஒரு அலுமினியத் தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். ரேடியேட்டருக்குள் என்ன விட்டீர்கள் என்று மார்செல் கேட்க, அத்தான் வெறும் தண்ணீர்தான் என்றார். எஞ்சின் சூட்டைத் தணிக்க வழக்கமாக விடும் பச்சைத் திரவம் பாதையில் சிந்தினால் டயர் வழுக்குமாம், அதனால் தண்ணீர் மட்டும் என்பது அங்கே சட்டம்.

கொடி விழுந்தது. அத்தானின் கார் மார்செலின் காரோடு ஒட்டிப் பாய்ந்தது. பாதி தூரம் போயிருக்காது, முன்பக்கத்தால் வெள்ளையாக ஆவி கிளம்பி, கார் இழுபட்டுப் போய் நின்றது.

"துலைஞ்சுது சனியன் எண்டு சந்தோசப்படு" என்று அக்காவுக்குச் சொன்னேன்.

"வாயை மூடடி" என்றாள். கார் நின்ற இடத்துக்கு ஓடினாள்.

கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிக்காததும் வெடித்துவிடும். தானாக ஆறும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். அத்தான் கார்ச் சில்லில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். ரோல்ஸை நீட்டினேன். தட்டின் பக்கம் திரும்பவேயில்லை. அந்தக் கதிரையில் இருந்த அதே முகம்.

ஒருவழியாக ஆறிய பிறகு மார்செல் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தார். இரும்பு வெடித்திருந்தால் தண்ணீர் கலந்து எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். கம்பியில் சுத்தமான எண்ணெய் மின்னியது. மார்செல் அதை அத்தானின் மூக்குக்கு நேரே பிடித்தார். அத்தான் துள்ளி எழும்பினார்.

அப்படியென்றால் ஏன் கொதித்தது? ரேடியேட்டரின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் முளையைக் கழற்றினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. கம்பியால் குத்தினால் கொழகொழவென்று சேறு வந்தது. அத்தான் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இரும்பில பிடிக்கிற கறள் இல்லை. இது மண்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஆரடா மண் போட்டது? எந்த மூதேவியின்ர வேலை இது? அந்தக் கை அழுகிப் போக!" என்று அந்த விசர்க்கூட்டம் முழுவதையும் பார்த்துத் தமிழிலேயே கத்தினேன்.

"ஏசாதை" என்றாள் அக்கா. "விடிய வெளிக்கிட முதல் நான்தான் போட்டனான். மடுமாதாவின்ர மண்."

எங்கள் மன்னார்ப் பக்கத்து மடுக்கோயில் மண்ணைச் சனங்கள் வீட்டில் வைத்திருப்பார்கள். பாம்பு கடித்தாலும் கரைத்துக் குடிப்பார்கள், காய்ச்சலுக்கும் குடிப்பார்கள். ஊருக்குப் போய்வந்த யாரோ அக்காவுக்கு ஒரு ஜாம் போத்தலில் கொடுத்திருக்கிறார்கள்.

"வெறும் தண்ணிதான் விடுறதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அம்மா எங்களுக்குத் தண்ணியிலதானே கரைச்சுத் தாறவ" என்றாள்.

"எவ்வளவு போட்டனீர்?"

"போத்தல் முழுக்க."

"ஐயோ, ஒரு சிட்டிகை காணாதேயப்பா?"

"எஞ்சின் பெரிசெல்லே."

அத்தான் அதைப் பிரெஞ்சில் சொல்ல, மார்செல் முதலில் சிலுவை போட்டார், பிறகு காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது வெடிச்சா கார் போயிடும். அதுதானே உமக்கு வேணும்? பிறகேன் இதைக் காப்பாத்தப் பாத்தனீர்?"

"கார் போனா நீங்கள் திரும்பவும் அந்தக் கதிரையில போய் இருப்பியள்" என்றாள் அக்கா. "நான் அதை இன்னொருக்காப் பாக்கமாட்டன். எனக்கு ஏலாதப்பா." பிறகு அழத் தொடங்கிவிட்டாள். நானும்தான். எனக்கென்ன வெட்கம்.

மாதாவின் மண்ணை நிலத்தில் கொட்டக்கூடாது என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால், என் ரோல்ஸ் தட்டைப் பறித்து அதில் ஏந்தினார்கள். மார்செலின் பீப்பாய்த் தண்ணீரால் ரேடியேட்டரைக் கழுவிக் கழுவி, பொழுது சாய முன் அத்தான் இன்னொரு ஓட்டம் ஓடினார். மார்செலிடம் தோற்றார். எஞ்சின் கொதிக்கவில்லை. நானும் அக்காவும் வென்றவர்கள் மாதிரிக் கத்தினோம்.

பியர்பொன்ட்ஸுக்கு வந்து சேர்ந்ததும் அத்தான் கை கூடக் கழுவவில்லை. நேரே உள்ளே போய் அந்தச் சாய்மனைக் கதிரையைத் தூக்கினார். அக்கா ஓடிவந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். குப்பை வண்டி வருகிற இடத்தில் இரண்டு பேருமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.