தொடாத முட்டி

எலும்பு, தசை, மூட்டுகளுக்கான பிசியோதெரபியில் முதுகலை படிக்கச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பத்து வருஷமாக மருத்துவமனையில் நோயாளிகளின் கையையும் காலையும் பிடித்துச் சோறு தின்றவர், கூட வேலை பார்ப்பவர்களைக் கண்டாலே மூக்கைச் சுளித்தார். அவர் பிரிவிலேயே இருந்த ஜூனியருக்கு 'ஒத்தடம்' என்று பட்டப்பெயர் வேறு. யார் வந்தாலும் வலிக்கிற இடத்தில் மெஷினை வைத்துவிட்டு உட்காருகிற ஆள் அவன்.

"வலிக்கிற எடத்துல கை வைக்கறதுக்கு எதுக்குய்யா படிப்பு? வலி எங்கேருந்து கெளம்புதுன்னு பாக்கணும்" என்று அவனை மட்டம் தட்டுவார் இவர்.

பேச்சில் தப்பில்லை. இடுப்பு மூட்டு கெட்டால் சிலருக்கு முட்டியில் வலிக்கும், புத்தகத்திலேயே இருக்கிறது. இவரோ ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறும்போது மனைவி நின்று, "இந்த முட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அது முட்டி இல்ல, இடுப்பு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டே மீதிப் படிகளை ஏறுவாள்.

கடைசி செய்முறைத் தேர்வு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவை தேறினால் பிரிவுத் தலைவர் நாற்காலி. இல்லையென்றால் அது ஒத்தடத்துக்கு.

முட்டி வலி என்று ஒரு லாரி டிரைவர் கட்டிலில் படுத்திருந்தார். நம் மேதைக்குச் சிரிப்பு வந்தது. என்னையா முட்டியில் மாட்டிவிடப் பார்க்கிறார்கள்? டிரைவர் வாயைத் திறக்குமுன்பே முதுகைத் தட்டினார், பாதத்தை ஆராய்ந்தார், காலை மடக்கி இடுப்பைச் சுழற்றினார். டிரைவர் அலறினார்.

"பாத்தீங்களா சார், இடுப்புதான்!"

தேர்வாளர் எழுந்து வந்து டிரைவரின் பேன்ட்டைச் சுருட்டினார். முட்டி பந்தாக வீங்கியிருந்தது.

"வண்டியிலேருந்து எறங்கறப்ப திருகிக்கிச்சு சார்" என்றார் டிரைவர், ஒருவராவது முட்டியைப் பார்த்தாரே என்ற நிம்மதியில்.

"இத எப்ப பாக்கறதா இருந்தீங்க?" என்று தேர்வாளர் இவரைக் கேட்டார்.

முடிவு வந்த அன்று வீட்டில் தேர்வாளரைக் கண்டபடி திட்டித் தீர்த்தார். "முட்டியில கை வைக்கல, கை வைக்கலன்னு அதையே புடிச்சுக்கிட்டு ஃபெயிலாக்கிட்டான்."

மனைவி படியில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டினாள்.

"ரெண்டு வருஷமா என் முட்டியிலயுந்தான் கை வைக்கல. மார்க் போடற வேலை என்கிட்ட இல்லாம போச்சு" என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன். உங்ககிட்ட இல்ல, ஒத்தடத்துக்கிட்ட."