க்ரீம் திருடாத நாத்தனார்

நாத்தனாரை அண்ணி புகழ்ந்தால் ஊரே வாயைப் பிளக்கும். பிளக்கட்டும். என் நாத்தனார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேக்கரியில் கேக்குக்குக் க்ரீம் பூ வைக்கிறவள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கைக்கோ ஓய்வில்லை.

சர்க்கரை நோய் வந்தபின் மாதக்கணக்கில் வாயைக் கட்டினாள். ஆனாலும் மத்தியானம் வேலைக்கு நடுவே விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண் எகிறும்.

"தேன் எடுக்கிறவன் புறங்கைய நக்காம இருப்பானா?" என்றார் என் வீட்டுக்காரர், அவளுடைய சொந்த அண்ணன். முதலாளியும் தலையாட்டினார். "இந்த மாசமும் குறையலன்னா வேலைய விட்டுடு" என்று கெடுவும் வைத்தார் அண்ணன். பசிக்கு அழாதவள், திருட்டுப் பட்டத்துக்கு அழுதாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடம் மாடியில், லிஃப்ட் கிடையாது. அதனால் மருத்துவமனை நர்ஸ் வீடியோ அழைப்பில்தான் அவளைக் கவனித்துவந்தார். அன்று பேக்கரிக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில் இருந்தேன்.

"மருந்தைக் கூட்டலாமான்னு டாக்டர் யோசிக்கறார்க்கா. அதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றீங்கன்னு முதல்லேர்ந்து காட்டுங்க."

நான் போனைப் பிடித்தேன். நாத்தனார் மடியில் கிடந்த ஈரத்துணியில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

"இருங்க. அது என்ன துணி?"

"சுத்தமான துணிதான். க்ரீம் குழாய் முனையத் துடைக்கிறது."

"கை கழுவலையா?"

"பேசின் எட்டாது. தடவைக்குத் தடவை யாரக் கூப்பிடறது?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "சர்க்கரையப் பூசிட்டு சர்க்கரை பாக்கறீங்கக்கா."

வாளியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தேன். கழுவி, ஈரம் போகத் துடைத்துக் குத்தினாள். எண் பாதியாக இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னொரு விரலையும் குத்தினாள், அதிலும் அப்படியே.

நர்ஸ் அத்தோடு விடவில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கவைத்தார். மூன்று மாதச் சராசரியும் கட்டுக்குள் என்று முடிவு வந்தது. மருந்தைக் கூட்டியிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கியிருப்பாளாம்.

முடிவு வந்த சாயங்காலம் என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பேக்கரிக்கு வந்தார்.

"தெரியாம சொல்லிட்டேன்மா."

அவள் நிமிராமல் பூவை முடித்தாள். "மன்னிப்பு வேணாம்ணா. முதலாளிகிட்ட ஸ்பேனர் இருக்கு. பேசினை எனக்கு எட்டற மாதிரி இறக்கு."

அண்ணன் தரையில் படுத்துக் குழாயைக் கழற்றினார். முதலாளி டார்ச் பிடித்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். வேலை முடிந்ததும் நாத்தனார் நாற்காலியை உருட்டிப்போய், யாரையும் கூப்பிடாமல், ஆசைதீரக் கை கழுவினாள்.