மேட்ரன் அழிக்கச் சொன்ன வீடியோ

தபால் தலையைவிடச் சற்றே பெரிய ஒரு சதுரம். அதற்குள் ஒரு முகம். முதலில் அது அசையாது. கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி மேட்ரன் காத்திருப்பார். மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஓய்ந்து, தொலைபேசிக் கம்பி வழியாகப் படம் துளித்துளியாக வந்து இறங்கும். உதடு முன்னால் அசைய, குரல் பின்னால் வந்து சேரும். "இதுக்கா இவ்ளோ நேரம்? அதுக்குள்ள நான் ரெண்டு பேரைக் குளிப்பாட்டிட்டு வந்திருப்பேன்" என்பார். ஆனாலும் எழுந்து போகமாட்டார். வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்துத் தரையின் குளிர்ச்சியில் வைத்துக்கொள்வார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது பெரும்பாலும் அந்த நேரங்களில்தான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மேட்ரன் பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டிவாக்கத்தில், கடலை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து முதியோர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். நான் அபிராமபுரத்திலிருந்து கிளம்பி அடையாறில் பஸ் மாறிப் போவேன். ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் சேர்ந்தேன். போன் எடுப்பது, கணக்கு எழுதுவது, டாக்டரை வரச் சொல்வது என்று தொடங்கி, சமையல்காரம்மா வராத நாளில் காய் நறுக்குவது வரை அது நீண்டது. குழாயில் உப்புத் தண்ணீர் வரும். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது பேசவே பிடிக்காது. எனக்கே அப்படியென்றால், விடியுமுன் எழுந்து அத்தனை பேரையும் எழுப்பி, கழுவி, ஊட்டி, மாத்திரை கொடுக்கும் மேட்ரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கீழ்த்தளம் நிறைந்திருந்தது. மாடி அறைகள் பூட்டியே கிடந்தன. வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் தலையை உயர்த்தி மாடியைப் பார்ப்பார். "சும்மாத்தானே கிடக்கு, திருப்பிக் குடுத்துடுங்களேன்" என்பார். மாடியை விட்டுவிட்டால் மிச்சமிருப்பதை வைத்து இல்லத்தை நடத்த முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பா அம்மாவை எங்கே விடுவது என்று தேடுகிறவர்கள் பாதிப் பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் தெரியவில்லை.

தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மேட்ரன் அவரை 'வெப்சைட் தம்பி' என்றே கூப்பிடுவார். அவர் எங்களுக்கும் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார். கட்டில்கள், சாப்பாட்டு மேசை, வாசலில் நிற்கும் வேப்பமரம் எல்லாம் அதில் இருந்தன. ஒருவரும் விசாரிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவரே வந்தார்.

"போட்டோ எல்லாரும் போடறாங்க மேடம். கட்டில் எங்க போனாலும் கட்டில்தான். ஆள் பேசற மாதிரி வீடியோ போட்டாத்தான் அங்க இருக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்."

"இன்னாத்துக்குப்பா? கடை தொறந்து சாமானா விக்கறேன்?"

"சைட்டுக்கு யாரும் வரலைன்னா எப்படி மேடம் தெரியும், நீங்க இருக்கீங்கன்னு?"

மேட்ரன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பம் இருக்கறவங்க பேசட்டும்" என்றார்.

ஒரு காலை வேளையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, வாடகைக் கேமராவில் எடுத்தார்கள். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, "இங்கே எல்லா வசதியும் இருக்கிறது, நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்" என்றார்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஒப்பிக்கும் பிள்ளைகளின் குரல் அது. யாரோ பின்னாலிருந்து அதட்டுவது போன்ற கண்கள். வெப்சைட் தம்பிக்கே முகம் வாடிவிட்டது.

கடைசியாக, இல்லத்தில் எல்லாரும் 'மாமா' என்று கூப்பிடும் பெரியவர் வந்தார். மயிலாப்பூரில் சொந்த வீட்டில் வாழ்ந்தவர். மனைவி போனபின் வீட்டை விற்றாயிற்று. மகள் மயிலாப்பூரிலேயே இருந்தாள். மாமனார் மாமியாரோடு ஒரு சின்ன ஃபிளாட்டில். மகன் அமெரிக்காவில். மாமா யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கேமராவைப் பார்த்ததும், "இதை என் பிள்ளை பார்ப்பானா?" என்று கேட்டார். பார்க்க முடியும் என்று தம்பி சொன்னார். மாமா உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக மகனிடம் பேசத் தொடங்கிவிட்டார், மெதுவாக, நடுநடுவே நிறுத்தி. தம்பி கேமராவை நிறுத்தப் போனார். மேட்ரன் கையால் தடுத்தார். பேசி முடித்த பிறகுதான், "அப்படியே சாப்பாட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா" என்றார்.

மாமா கேமராவைப் பார்த்து, "இந்த அம்மா வாரத்துல பாதி நாள் கத்தரிக்காய்தான் போடறா" என்றார்.

"நேத்து ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்ட்டது யாரு?" மேட்ரனின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அது பசிக்கு. ருசிக்குன்னு நெனச்சுக்காதேங்கோ."

மேட்ரன் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். வேலைக்காரப் பெண் துடைப்பத்தோடு வந்து நின்று சிரித்தாள்.

அன்றைய இணையத்தில் சில விநாடிப் படத்தை ஏற்றுவதே பெரும்பாடு. மாமா மகனிடம் பேசியதை ஏற்ற இடமில்லை. "அது ரொம்ப நீளம், வெட்டிடறேன்" என்றார் தம்பி. ஒப்பித்தவர்களையும் விட்டுவிட்டார். கத்தரிக்காய் மட்டும் ஏறியது. மேட்ரனுக்குச் சந்தேகம்தான். "சாப்பாடு சரியில்லைன்னு நாமளே சொல்லிக்கறதா?" என்றார். ஆனால் பதில்கள் வரத் தொடங்கின. அந்த மாமாவின் இல்லம்தானே என்று கேட்டு, முகம் தெரியாத ஊர்களிலிருந்து மின்னஞ்சல்கள். 'எங்கள் அப்பாவும் இப்படித்தான் சண்டை போடுவார்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். சண்டை போட ஆள் இருக்கும் இடம் என்று நம்பினார்களோ என்னவோ. மாடி அறைகளின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீட்டுக்காரர் மாடியைப் பார்ப்பதை விட்டார். மேட்ரனுக்கு ஏற வேண்டிய படிகள் கூடின. அவ்வளவுதான் அவருக்கு அதில் மிச்சம்.

மேட்ரனுக்கு ஒரு காது மந்தம். வெளிநாட்டு அழைப்பு வந்தால் பக்கத்து மேசையிலிருக்கும் இணைப்பு போனை நானும் எடுத்துக்கொள்ள வேண்டும்; அவருக்குக் கேட்காமல் போவதை நான் சொல்ல வேண்டும். அப்படித்தான் மாமாவின் மகன் பேசியதை நானும் கேட்டேன்.

"எங்கப்பாவை வெச்சு விளம்பரமா மேடம்? அப்பா என் தங்கை ஆத்துல இருக்கார்னு இங்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இப்போ போன் மேல போன். உங்கப்பாவை நெட்ல பார்த்தோம், கத்தரிக்காய் பத்திப் பேசறார்னு சிரிக்கறா."

"அவரு சம்மதத்தோடதான் சார் எடுத்தோம்."

"அவருக்கு என்ன தெரியும்? அதை எடுத்துடுங்கோ. எங்கேயும் ஒரு துண்டு இருக்கப்படாது."

மேட்ரன் வாதாடவில்லை. சரி என்று சொல்லி போனை வைத்தார். அன்று மதியமே என்னையும் அழைத்துக்கொண்டு தி. நகருக்குப் போனார். வெப்சைட் தம்பி கெஞ்சினார். "மேடம், உங்களுக்கு ஆள் வர்றதே இதனாலதான். கொஞ்ச நாள் போகட்டும், அவரே மறந்துடுவாரு." மேட்ரன் கேட்கவில்லை. வெப்சைட்டிலிருந்து எடுத்தது போதாது, கம்ப்யூட்டருக்குள் இருப்பதையும் அழிக்க வேண்டும் என்றார். அழித்து முடிக்கும் வரை தம்பியின் பின்னாலேயே நின்றார். சொன்னால் சொன்னதுதான் என்பது மருத்துவமனையில் ஊறிய பழக்கம். பனகல் பார்க் வரைக்கும் நடந்தோம். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "அந்தக் கெழவருக்கு என்னான்னு சொல்றது?" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல்.

மாமா வாசலிலேயே காத்திருந்தார். மகன் போன் செய்தது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பார்த்துட்டானா? நான் எப்படி இருந்தேன்னு சொன்னானா?"

"நல்லா இருந்தீங்கன்னாரு. சட்டை நல்லாருக்குன்னாரு" என்றார் மேட்ரன்.

அதற்கப்புறம் வீடியோ அழிந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மகன் தினமும் பார்க்கிறான் என்று அவர் நம்பிக்கொண்டார். காலையில் என்னைக் கண்டதும், "இன்னிக்கும் பார்த்திருப்பான்" என்பார். நான் தலையசைப்பேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மேட்ரன் மட்டும், "பார்த்திருப்பாரு, பார்த்திருப்பாரு. நீங்க மொதல்ல கஞ்சியைக் குடிங்க" என்பார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே மாமா போய்விட்டார். மகன் வந்து காரியங்களை மயிலாப்பூரில் செய்துவிட்டுத் திரும்பினான் என்று கேள்விப்பட்டோம். இல்லத்துக்கு வரவில்லை. பெட்டியை மகள் வந்து எடுத்துப் போனாள். புதிதாக விசாரிப்பவர்களும் குறைந்தார்கள்; மாடியில் இரண்டு அறைகள் மறுபடி காலியாயின. இன்னொரு வீடியோ எடுக்கலாம் என்று வெப்சைட் தம்பி வந்து நின்றபோது, "போதும்பா" என்று சொல்லிவிட்டார் மேட்ரன். கோபமாகக்கூட இல்லை.

அன்று மேட்ரனுக்கு இருந்த வயதை இன்று நான் நெருங்கிக்கொண்டிருக்கிறேன். என் தோழிகள் கைபேசியில் முதியோர் இல்லங்களின் வீடியோக்களை அனுப்புகிறார்கள். வானத்திலிருந்து எடுத்த தோட்டம், பின்னணியில் வயலின், சிரித்துக்கொண்டு சக்கர நாற்காலியில் போகிறவர்கள். தொட்டதும் ஓடுகிறது, காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஒன்றிரண்டு பார்ப்பதற்குள் அலுத்துவிடுகிறது. மேட்ரனும் இப்போது இல்லை. இல்லத்தை இன்னும் சில வருடங்கள் இழுத்துப் பிடித்து நடத்திவிட்டு மூடினார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, மாமா போய்ச் சில மாதங்கள் கழித்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான்.

காலை வேளை. மேட்ரன் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கியிருந்தார். நான் இணைப்பு போனை எடுத்துக் காதில் வைத்தேன். மாமாவின் மகன். எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். கொட்டிவாக்கத்தில் வெயிலா என்று கேட்டார். பிறகு, "மேடம், அந்த வீடியோ உங்ககிட்டே எங்கேயாவது இருக்கா?" என்றார். "அப்பா குரல் என்கிட்டே எதுலயும் இல்லே. என் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதுல அவர் பேசவே இல்லே. ஓரமா நின்னுண்டிருக்கார்."

தேடிப் பார்க்கிறோம், இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுங்கள் என்றார் மேட்ரன். நான் தி. நகருக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை. கேமரா டேப் கிடைத்தது. போட்டுப் பார்த்தால் யார் வீட்டுக் குழந்தைக்கோ காது குத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எடுத்ததன் மேலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவர் மறுபடி கூப்பிட்டபோது மேட்ரன் நின்றபடியே பேசினார். "இல்ல சார். எதுவும் மிஞ்சல." நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்று மேட்ரன் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அவரு பேசினது எனக்கு ஞாபகம் கீது சார்" என்றார் மேட்ரன். "மொதல்ல உங்ககிட்டதான் பேசினாரு. நீளமா இருக்குதுன்னு அத நெட்ல போடல. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சொல்லட்டுமா?"

"சொல்லுங்கோ."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாமாவின் பேச்சு அவர் வாயில் சரியாக வரவில்லை. சாந்தோம் தமிழும் மயிலாப்பூர்த் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஆனாலும் மாமா நிறுத்திய இடங்களில் அவரும் நிறுத்தினார்.

"'நீ லஸ் கார்னர்ல சைக்கிள்லேந்து விழுந்தியே, அந்த முழங்கால் இப்பவும் வலிக்கறதா? உங்க ஊர்ல பனி ஜாஸ்தின்னு டி.வி.ல காமிச்சான். பனிக்கு அது வலிக்கும். அன்னிக்கு உன்னை டாக்டர்கிட்டே அழைச்சுண்டு போறதுக்கு முன்னாடி நடுரோட்டுல வெச்சுத் திட்டினேன். நீ அழலே. அதை இப்போ நெனச்சா நன்னா இல்லே. கம்பளி சுத்திக்கோ.' இதான் சார் சொன்னாரு. அப்புறம்தான் கத்தரிக்கா."

லைன் போய்விட்டதோ என்று மேட்ரன் என்னைப் பார்த்தார். இல்லை என்று கையை அசைத்தேன்.

"வலிக்கறது மேடம்" என்றார் அவர்.

எனக்குக் கேட்ட அளவுக்கு மேட்ரனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். காலால் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, மெல்ல உட்கார்ந்து, போனை நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எந்தக் கால் சார்?" என்று கேட்டார். "மடக்கி நீட்ட முடியுதா?"