மூன்று இடத்தில் வெள்ளிப் பெயிண்ட்

போன மாதம் மந்தின் ஊரில் ஒரு பட்டறையில் என் காரை விட்டிருந்தேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து, ஒரு போல்டைக் கழற்றி, அதன் அடியில் உப்புத்தாளால் தேய்த்தார்.

“சென்சார் நல்லாத்தான் இருக்குக்கா. எர்த்துதான் பிடிக்கல. ஒங்க காடிக்குப் பெயிண்டு அடிச்சவங்க இதுக்கு மேலயும் அடிச்சிட்டாங்க. பெயிண்டு மேல வயர வச்சு முடுக்குனா கரண்டு எப்படிப் போகும்? சென்சார் பொய்தான் சொல்லும்லா.”

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லுக்குட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். லுக்குட் பட்டறை ஒன்றில் வேலை. கார் ரிப்பேர் செய்கிறவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். டியூனிங் என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போனதைச் சரி செய்வது ரிப்பேர், சரியாக இருப்பதை நோண்டுவது டியூனிங் என்று அம்மா விளக்கம் வைத்திருந்தார்.

மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் புகைக்குழாயில் ஒரு சென்சார் மாட்டியிருந்தார். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது மோப்பம் பிடித்துச் சொல்லுமாம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் ஊசி ஆடும். அதைப் பார்த்து மாமா மடிக்கணினியில் பெட்ரோலைக் கூட்டுவார், குறைப்பார். எங்கள் வீட்டில் சாமி படத்தைவிட அந்த ஊசியைத்தான் அவர் அதிகம் பார்த்திருப்பார்.

அம்மா அப்போது நிறைமாதம். எனக்குப் பிறகு இரண்டு கலைந்து, இதுதான் தங்கியிருந்தது. அப்பா செனவாங் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருபவர். ஆகவே வலி வந்தால் மாமாவின் கார்தான் என்று முடிவாகியிருந்தது.

“பிள்ள பொறக்கற வரைக்கும் அந்தக் காடிய நோண்டாதடா,” என்றார் அம்மா.

“ஒனக்காகத்தான்க்கா நோண்டறேன். வழியில நிக்கக் கூடாதுல்ல.”

அவர் சொன்னது பொய்யில்லை. ரேடியேட்டர் காற்றாடி சுற்றத் தொடங்கினால் அந்த ஊசி வெறிபிடித்தது மாதிரி குதிக்கும். எர்த் சரியில்லை, அதனால்தான் சென்சார் உளறுகிறது என்று பட்டறையில் யாரோ சொன்னார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா எர்த் வயர்களையெல்லாம் கழற்றினார். அவை காரின் உடம்போடு சேரும் மூன்று இடங்களில் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார். புது வயர் வாங்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் போனார். பானெட் திறந்தபடியே இருந்தது.

அது எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா வாரம். கோயில் வேலிக்கும் தேர்ச்சக்கரத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். அடித்தது போக மீதியை வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். சாமிக்கு வாங்கியது வீணாகக் காயக் கூடாது என்பார்கள். அந்த வாரம் முழுவதும் தண்ணீர்க் குழாய், தபால் பெட்டி, சமையல் கேஸ் தோம்பு, சைக்கிள் என்று கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளியாகும். ஒரு வருடம் யாரோ வீட்டு நாயின் வால்கூடத் தப்பவில்லை. அந்த முறை கடைசி டின் என் கைக்கு வந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மாமா அவ்வளவு துடைத்து வைத்திருக்கும் காரில் மூன்று இடத்தில் மட்டும் சொறி பிடித்த மாதிரி சுரண்டியிருந்தது. பாவமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வழியாமல், மூன்றுக்கும் மெல்லிசாக அடித்தேன். அந்த வெயிலுக்கு உடனே காய்ந்துவிட்டது.

தேய்த்த தகரமும் வெள்ளிப் பெயிண்டும் பார்வைக்கு ஒன்றுதான். மாமா வந்து, பளபளப்பைப் பார்த்து, அதன்மேலேயே புது வயர்களை வைத்து முடுக்கினார். ஊசியின் குதியாட்டம் குறைந்தது. ஆனால் பெட்ரோல் அதிகம், அதிகம் என்று ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. பழைய எர்த் இருந்திருந்தால் மாமா சந்தேகப்பட்டிருப்பார்.

“எர்த்து புதுசு. இனிமே இது பொய் சொல்லாதுலா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஊசி சொன்னபடியே பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போனார். உண்மையில் எஞ்சின் பட்டினியில் கிடந்தது. அந்தப் பட்டினி எஞ்சினைச் சூடாக்கி உள்ளேயே உருக்கிவிடும் என்பதெல்லாம் நான் மந்தினில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்கு வலி வந்தது. நான் பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தேன். அம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. மாமா ஏர்கோனை முழுதாகத் திறந்து, காரை விரட்டினார். தோட்டத்து மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு புகை வந்தது. பிறகு கார் நின்றது.

இரண்டு பக்கமும் செம்பனை. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மாமா சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு சாலையில் இறங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினார். “தம்பி, என்னால முடியலடா,” என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அம்மாவையும் என்னையும் முன்னால் ஏற்றிவிட்டு மாமா பின்னால் முள்ளுக் குலைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். ஆஸ்பத்திரியில் இறங்கியபோது அவர் கால்சட்டையெல்லாம் ரத்தம். அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஆண் பிள்ளை. அழவில்லை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அரை மணி நேரத்தை அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காரை இழுத்துவந்து வாசலில் போட்டார்கள். மாமா எதையெதையோ கழற்றினார். கடைசியில் எர்த் போல்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். வயர் உட்கார்ந்திருந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு குழாயடியில் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் நகக்கண்ணெல்லாம் வெள்ளி.

“காடியில எங்கயாச்சும் அடிச்சியா பாப்பா?”

“மூணு எடத்துல. சொரண்டி அசிங்கமா இருந்துச்சு மாமா.”

“அழகாத்தான் அடிச்சிருக்க,” என்றார். பிறகு துணியில் பெட்ரோல் நனைத்து, என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நகத்துக்கு அடியில் இருந்ததைத் தீக்குச்சியால் எடுத்தார். “சாப்பிடற கையில இது எதுக்கு? அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல,” என்றார். பிறகு என் டின்னையும் பிரஷையும் எடுத்துப்போய்ச் செம்பனைக்கு நடுவே இருந்த பெரிய கால்வாயில் வீசினார். டின்னில் இன்னும் பாதி இருந்தது. நான் குய்யோ முறையோ என்று அழுதேன்.

மாமா இப்போது பகாவில் ஒரு டயர் கடையில் இருக்கிறார். டயர் மட்டும்தான் மாற்றுவார், பானெட்டைத் திறப்பதில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர், அம்மா பார்த்துவிடுவார் என்று மண்டபத்து வாசலோடு திரும்பிப் போனார். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் போகிறேன், தைரியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை இறந்த மூன்றாம் நாள் அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் மாமா நின்றிருந்தார்.

“நோண்டாதன்னு சொன்னேனேடா! என் பிள்ளயக் கொன்னுட்டியேடா!”

“ஆமாக்கா. நான்தான். எர்த்த சரியாப் போடல.”

“என் கண்ணு முன்னால நிக்காத. போயிடு!”

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு லயத்து வழியாக நடந்தார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான விரல்களோடு நான் பின்னால் நின்றிருந்தேன். என் பெயிண்ட் டின்னை வீசினாரில்லையா, நன்றாக வேண்டும் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.